வெட்டுப்பள்ளத்துத் தண்ணீர்

அண்ணாச்சி,

நேற்று மத்தியானம் தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உங்களைப் பார்த்தேன். தண்ணீர்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள். தென்னங்கீற்றுக் கூரை, ஈரச் சாக்கு சுற்றிய மண்பானைகள், பானைக்குள் வெட்டிவேர். தூரத்திலேயே அந்த ஈர மண் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. வெயில் அப்படி. ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டி, குடிங்க ஆச்சி என்றாள். வாங்கி வாய்வரை கொண்டுபோனேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பந்தல் நெற்றியில், பேனர் படத்தில் நீங்கள். பவுடர் போட்ட மாதிரி வெளுத்துப்போய்ச் சிரிக்கிறீர்கள். கீழே கொட்டை எழுத்தில், 'தாகம் தீர்த்த தயாளர்.'

டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை முகம் வாடிவிட்டது, பாவம். அவள் என்ன செய்வாள். எதிர்க்கடையில் ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடித்தேன். எனக்கு எழுபது வயதாகப் போகிறது, சர்க்கரையும் இருக்கிறது, டாக்டர் சோடாப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். பரவாயில்லை. உங்கள் பெயர் போட்ட தண்ணீரைக் குடிப்பதற்கு அது மேல்.

செத்துப்போனவர்களைக் குறை பேசக் கூடாது என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்வார். நான் உங்களைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. உங்களிடமே நேராகப் பேசுகிறேன். உயிரோடு இருந்தபோது பேச விட்டிருந்தால் அப்போதே பேசியிருப்பேன். உங்களைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் சால்வையோடு நின்றார்கள்.

எங்கள் குடா உங்களுக்கு ஞாபகமிருக்கும். திருச்செந்தூருக்குத் தெற்கே தார் ரோட்டை விட்டு இறங்கி, உடைமரக் காட்டுக்குள் வண்டித் தடம் பிடித்துப் போனால், இரண்டு கல்முனைகளுக்கு நடுவே கடல் உள்ளே வந்து படுத்திருக்கும். நாலு வள்ளம் கட்டலாம், அவ்வளவுதான். கரையில் அந்தோனியார் கோயில், அதை ஒட்டி ஓலைக்கூரை போட்ட பள்ளிக்கூடம். அங்கேதான் நான் டீச்சர். மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் நான் ஒருத்திதான்.

குடாவுக்குப் பின்னால் வெட்டுப்பள்ளம். பெயர்தான் பள்ளம். உள்ளே இறங்கினால் ஒரு சின்னப் பள்ளத்தாக்கே இருக்கும், இரண்டு பக்கமும் கல் சுவராக எழுந்து நிற்க. வெள்ளைக்காரன் காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கல் வெட்டி வெட்டி உண்டான இடம். பாறைத் தரையில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடம் அப்படியே இருந்தது. மூலையில் சுண்ணாம்பு சுட்ட காளவாசல் ஒன்று பாதி இடிந்து நின்றது. வெட்டினவர்கள் யார், எங்கே போனார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அவர்கள் போன பிறகு அந்தப் பள்ளத்தில் மழை இறங்கியது, மணல் சேர்ந்தது, மணலுக்குள் நல்ல தண்ணீர் தங்கியது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் எங்கள் சனம் அங்கே வந்து குடிசை போட்டது. மீன் எந்தக் கரையிலும் கிடைக்கும். நல்ல தண்ணீர் அங்கே மட்டும்தான் கிடைத்தது.

அந்த ஊற்றுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இரும்பு படக் கூடாது. மண்வெட்டி, கடப்பாரை எதுவும் பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது. பெண்கள் கையாலும் சிரட்டையாலும் மணலை வழித்து, முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி பறிப்பார்கள். அதில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஊறும். சிரட்டையால் மேலாக அள்ளிக் குடத்தில் விட்டுவிட்டு, மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். சும்மா காத்திருக்க மாட்டார்கள், 'அருள்நிறைந்த மரியே' சொல்வார்கள். செபமாலையில் ஒரு பத்து மணி முடிந்தால் அடுத்த அள்ளு. அவசரக்காரிகள் செபத்தைப் பாதி விழுங்கிவிட்டு அள்ளப் பார்ப்பார்கள். அம்மா விடமாட்டாள். மாதாவை ஏமாத்தினாலும் தண்ணிய ஏமாத்த முடியாது என்று விரட்டுவாள். ஊற்றுக்கு அம்மாதான் நாட்டாமை. யாரும் வைத்ததில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள்.

எழுபதுகளின் நடுவில் நீங்கள் வந்தீர்கள். புதுத் துறைமுகத்தில் கப்பல் வர ஆரம்பித்து, தூத்துக்குடியில் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கிராக்கி. பழைய வெட்டுக்களில் இன்னும் கல் மிச்சம் இருக்கிறதா என்று கரையோரமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், எங்கள் குடாவில் புல்லட்டை நிறுத்தினீர்கள். டெர்லின் சட்டை, தோளில் மடித்துப் போட்ட துண்டு, கையில் வாட்ச். ஊரே வேடிக்கை பார்த்தது. அப்பா கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள்.

அம்மாதான் கொடுத்தாள், வெண்கலச் செம்பில். நீங்கள் அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, செம்பைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தீர்கள். பிறகு இன்னொரு செம்பு கேட்டீர்கள். பதனி மாதிரி இருக்கே, இது எங்க உள்ள தண்ணி என்று கேட்டீர்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளத்துக்கே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். பின்னாலேயே நானும் வந்தேன். அவள் ஊற்றைக் காட்டினாள். நீங்கள் கல்லைப் பார்த்தீர்கள். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு தரமாவது வந்துவிடுவீர்கள். ஒவ்வொரு தரமும் ஏதாவது கொண்டுவருவீர்கள். கருப்பட்டி, பனங்கிழங்கு, என் பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டு. எங்கள் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவீர்கள். அப்பாவை அண்ணன் என்றீர்கள், அம்மாவை மதினி என்றீர்கள். அப்பாவுக்கு உங்களைப் பற்றிப் பேசாவிட்டால் தூக்கம் வராது. அண்ணாச்சி வாராவ என்று யாராவது சொன்னால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவார். அவ்வளவு நல்ல மனிதராகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள். அதனால்தான் ஆத்திரம் தீரவில்லை. கெட்டவனாக வந்திருந்தால் அம்மா அன்றைக்கே விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஊற்றில் தண்ணீர் குறைந்தது. செபமாலையில் ஒரு பத்து முடிவதற்குள் ஊறிய தண்ணீர் இரண்டு பத்து சொன்னால்தான் ஊறியது, பிறகு மூன்று. பெண்கள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு விடியும்முன்னே போய் உட்கார ஆரம்பித்தார்கள். அந்தோனியார் திருவிழா வேறு வந்துகொண்டிருந்தது. சுத்துப்பட்டுக் கரையிலிருந்தெல்லாம் சனம் வரும், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாவிட்டால் ஊருக்கு என்ன மரியாதை என்று ஆண்கள் கவலைப்பட்டார்கள். அப்பா உங்களிடம் சொன்னார். நீங்கள் இதற்காகவா கவலை என்று கேட்டீர்கள்.

உங்கள் ஊர்க் கதையைச் சொன்னீர்கள். தேரிக்காட்டு ஓரத்தில் உங்கள் ஊர்க் கிணறு வறண்டபோது, ஆட்களை இறக்கி இன்னும் ஆழமாக வெட்டி, பாறையைப் பிளந்து, அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்த கதை. ஊரே உங்களைத் தோளில் தூக்கியதாம். நீங்கள் சொல்லும்போது உங்கள் கண் பளபளத்தது. பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். உங்கள் ஊரில் அப்படித்தான். தண்ணீர் இல்லையென்றால் ஆழம் போக வேண்டும், போனால் கிடைக்கும். பனங்காட்டு மனிதர் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். என்னிடம் ஆள் இருக்கு, மருந்து இருக்கு, ஒரே நாளில் வெடி வைத்து ஆழப்படுத்திக் கொடுத்துவிடுகிறேன், ஊருக்கு என் உபகாரமாக இருக்கட்டும் என்றீர்கள். உடைகிற கல்லை உங்கள் லாரியே அள்ளிக்கொண்டு போய்விடும், இடத்தையும் சுத்தம் பண்ணின மாதிரி ஆயிற்று என்றீர்கள்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஆண்கள் பேசும்போது அவள் குறுக்கே பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"அண்ணாச்சி, இங்கன உள்ள நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேல படுத்துக் கெடக்கு. மேல இருந்து அள்ளிக்கிடலாம். கீழ குத்தினா கடல் ஏறிரும்."

நீங்கள் சிரித்தீர்கள். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளை ஏதோ சொன்னால் சிரிப்போமே, அது.

"மதினி, நீங்க மீனப் பாத்துக்கிடுங்க. கிணத்த நான் பாத்துக்கிடுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் முதலில் சிரித்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மழை இல்லாத வருஷத்தில் ஊற்று குறையும், மழை வந்தால் ஏறும், இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது என்று நானும் என் பங்குக்கு அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் வேலையைப் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

வெடி வைத்த அன்று காலையில் அம்மா பள்ளத்துக்குள் போய் ஊற்றின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் சிரட்டை. பக்கத்தில் நான். உங்கள் ஆட்கள் கல்லில் துளை போட்டு மருந்து கெட்டித்துவிட்டு, சிவப்புத் துணி கட்டி விசில் ஊதினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மேலே ஊர் ஆண்கள் எல்லோரும் நின்றார்கள். நீங்கள் வாட்சைப் பார்த்தீர்கள். கோபப்படவில்லை, யாரையும் திட்டவில்லை, மணியைத்தான் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு அப்பா கீழே இறங்கி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி "எந்திரி" என்றார். அம்மா எழுந்தாள். சேலையில் ஒட்டின மணலைத் தட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

வெடித்தது. குடாவில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. சாயங்காலமே தண்ணீர் வந்துவிட்டது. நான் பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி, அந்த ஒரு வாரம் எங்கள் ஊர் அப்படித் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. வாளியை விட்டு இறைத்தோம். பிள்ளைகள் தலையில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டு ஆடினார்கள். நானும் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆசைதீரக் குளித்தேன். திருவிழாவுக்கு வந்த சனம் குடித்துவிட்டுப் புகழ்ந்தது. கோயில் வாசலில் உங்களுக்கு மாலை போட்டார்கள். மாலை போட்டது அப்பா. ஊரில் அம்மா மட்டும்தான் அந்தப் பள்ளத்துப் பக்கம் போகவில்லை. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தது நான்.

உங்கள் லாரிகள் கல்லை அள்ளிக்கொண்டு போயின. ஒன்று, இரண்டு அல்ல. வெடித்த கல்லோடு வெடிக்காத சுவரிலும் பாதி போயிற்று. நீங்கள் தண்ணீருக்காகக் கல்லை உடைத்தீர்களா, கல்லுக்காகத் தண்ணீரைச் சொன்னீர்களா? எத்தனையோ ராத்திரி இதை யோசித்துத் தூக்கம் கெட்டிருக்கிறேன். இரண்டாவது என்று உறுதியாகத் தெரிந்தால் உங்களைத் திருடன் என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். நல்லது செய்கிற ஆசையும் இருந்தது, கையோடு ஆதாயமும் இருந்தது. அதனால்தான் உங்களுக்கு ஒருநாளும் மனசு உறுத்தவில்லை.

முதலில் கண்டுபிடித்தது பருப்பு. அம்மா ஒருநாள் மத்தியானம் பருப்பை அடுப்பில் வைத்தாள். விறகு தீர்ந்தது, பருப்பு வேகவில்லை. இன்னும் விறகு வைத்தாள். கல்லு கல்லாகவே கிடந்தது. சட்டியை இறக்கிவிட்டு, குடத்துத் தண்ணீரில் விரலை முக்கி நாக்கில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நல்ல தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்து, "ஏறிட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாரம் தேயிலையில் பால் திரிந்தது. அதற்கடுத்த வாரம் எல்லோர் நாக்குக்கும் தெரிந்தது. மாதம் முடிவதற்குள் அதைக் குடித்த பிள்ளைகள் வாந்தி எடுத்தன.

அப்பா உங்களைப் பார்க்கத் தூத்துக்குடிக்கு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, நல்ல சீலா மீன் ஒன்றைப் பனையோலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார். உங்கள் ஆபீஸ் வாசலில் மத்தியானம்வரை நின்றார். நீங்கள் காரில் ஏறப்போகும்போது பேசினார். இரண்டு பீப்பாய் தண்ணீர் லாரியில் அனுப்பச் சொல்கிறேன் என்றீர்கள். அனுப்பினீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் வந்தது, பிறகு நின்றுபோனது. ஆனால் காரில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னீர்களே. அப்பா வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பெரிய வேடிக்கையைச் சொல்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார்.

"உப்புக் காத்துல வளந்த நாக்கு அண்ணே. எதக் குடிச்சாலும் ஒங்களுக்கு உப்பாத்தான் இருக்கும்."

அம்மா பரிமாறிக்கொண்டிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தச் சிரிப்புக்காக அவரை மன்னிக்க எனக்கு ரொம்ப காலம் ஆயிற்று. உங்களை மன்னிக்க நான் முயற்சி செய்யவே இல்லை.

ஒவ்வொரு வீடாக ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போனது. முதலில் கைப்பிள்ளை இருந்த வீடுகள், பிறகு வயசாளிகள் இருந்த வீடுகள். அந்தோனியாரை வள்ளத்தில் ஏற்றி அடுத்த கரைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டிய அவசியமே இல்லை, பிள்ளைகள் இல்லை. கடைசியாக நாங்கள் கிளம்பினோம். மழை வந்தால் சரியாகிவிடும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த மழை நன்றாகத்தான் பெய்தது. நீங்கள் உடைத்த பள்ளம் நிறைந்தது, உப்பாகவே நிறைந்தது.

தூத்துக்குடியில் ஒரு சந்தில் ஒண்டுக்குடித்தனம். அப்பா ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்கப் போனார். எனக்கு வேறு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அம்மாவுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் எல்லாப் பெண்களும் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் தள்ளி நிற்பாள். குடம் வீட்டுக்கு வந்ததும் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்ப்பாள், பிறகு வாசலில் போய்த் துப்புவாள். சாகும்வரை தினம் அதைச் செய்தாள். ஒருநாளும் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. அப்பாவோ, அண்ணாச்சி நல்லதுக்குத்தான் செஞ்சாவ என்று சொல்லியே செத்தார்.

அதற்குப் பிறகு நீங்கள் வளர்ந்தீர்கள். கல் போய் லாரி, லாரி போய்த் தண்ணீர் டேங்கர், டேங்கர் போய் உங்கள் பிள்ளைகள் காலத்தில் கேன் தண்ணீர். தூத்துக்குடியில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோதெல்லாம் உங்கள் வண்டிதான் தெருவுக்குள் வரும். எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு உங்களைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். நான் அப்போது தலைமையாசிரியை ஆகவில்லை, மேடைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். இறங்கி வரும்போது என் முன்னால் நின்றீர்கள். உற்றுப் பார்த்தீர்கள்.

"ஏளா, நீ அந்த மதினி மவதான? அந்தத் தண்ணி மாதிரி பொறவு நான் எங்கயும் குடிக்கல, பாத்துக்க."

உங்கள் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீங்கள் மறந்திருப்பீர்கள் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மறந்தவரை வெறுப்பது வேறு. நீங்கள் மறக்கவில்லை. ருசியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அதை யார் கெடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் சால்வைக்காரர்கள் உங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

நீங்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது உங்கள் மூத்த மகன் என் வீட்டுக்கு வந்தார். விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். என்ன கொடுத்தாலும் வாயை மூடிக்கொள்கிறீர்கள் என்றார். "அப்பா அந்த ஊத்துத் தண்ணி கேக்காவ டீச்சர்" என்றார். பாவமாகத்தான் இருந்தது, அந்தப் பிள்ளையைப் பார்க்க. அங்கே உப்புத்தானே என்றேன். இப்ப எப்படி இருக்குதோ, நீங்க ஒருதரம் பாத்துச் சொன்னா நல்லது, உங்களுக்குத்தான் இடம் தெரியும் என்றார். நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி நின்று, தண்ணி நல்லா இருந்தா அங்கன ஒரு போர் போட்டுப் பாத்திரலாம் டீச்சர், நாலு சனத்துக்கு உபகாரமா இருக்கும் என்றார்.

உபகாரம். உங்கள் குரல் மாதிரியே இருந்தது.

அவர் கார் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். பஸ்ஸில் போய், ஆட்டோ பிடித்து, உடைமரக் காட்டு விளிம்பில் இறங்கி நடந்தேன். அம்மாவின் சிரட்டையைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். கோயிலுக்குச் சுவர் மட்டும் நிற்கிறது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் சீமைக்கருவேல். வெட்டுப்பள்ளத்தில் வண்டித் தடம் அப்படியே இருக்கிறது, காளவாசல் முழுக்க விழுந்துவிட்டது. நீங்கள் உடைத்த குழி பச்சையாகக் கிடக்கிறது. ஓரமெல்லாம் உப்புப் பூத்து, உள்ளே பிளாஸ்டிக் பாட்டில்கள் மிதக்கின்றன. அதில் ஒன்றில் உங்கள் வீட்டுக் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தது. சிரித்துவிட்டேன்.

உங்கள் குழியை விட்டு விலகி, பள்ளத்தின் மேல் கோடிக்குப் போனேன். அங்கே நீங்கள் தொடாத மணல் இருக்கிறது. முட்டி வலியோடு உட்கார்ந்து, கையாலும் சிரட்டையாலும் வழித்தேன். முழங்கை ஆழத்தில் மணல் நனைந்தது. நிறுத்தினேன். பத்து மணி சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கீழே கண்ணாடி மாதிரி ஒரு சிரட்டைத் தண்ணீர் நின்றது. விரலை முக்கி நாக்கில் வைத்தேன்.

நல்ல தண்ணீர் அண்ணாச்சி.

இத்தனை வருஷம் ஆள் இல்லாமல், இரும்பு இல்லாமல், மழையை மட்டும் குடித்துக் குடித்து அது திரும்பி வந்து படுத்திருக்கிறது. அதே தண்ணீர். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. அம்மா இல்லையே என்ற கோபத்தில் அழுதேன். வயிறு முட்டக் குடித்தேன். கொண்டுபோன பாட்டிலை நிறைத்தேன். குழியை மணல் போட்டு மூடி, மேலே ஒரு முள் கிளையை இழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும் வழியில், பஸ்ஸில், உங்கள் மகன் போன் பண்ணினார். பாட்டில் என் மடியில் இருந்தது. எப்படி டீச்சர் இருக்கு என்று கேட்டார்.

"உப்பு தம்பி. இன்னும் உப்புத்தான்."

அவர் பெருமூச்சு விட்டார். சரி டீச்சர், அப்பாட்ட சொல்லுதேன் என்றார். சொல்லியிருப்பார். கேட்டுவிட்டுத்தான் நீங்கள் போயிருப்பீர்கள்.

போர் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மை. அதற்கு மட்டும் என்றால் ஊற்றை மறைத்துவிட்டு, ஒரு பாட்டிலை வேறு ஏதாவது சொல்லி உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். உங்கள் வீடு அந்த பஸ் போகிற வழியில்தான் இருந்தது. நான் இறங்கவில்லை. அம்மா சாகக் கிடந்தபோது அந்தத் தண்ணீரைக் கேட்கவில்லை அண்ணாச்சி. வாயில் குழாய்த் தண்ணீரை விட்டோம், உள்ளே இறக்காமல் கடைவாய் வழியே விட்டுவிட்டாள். கேட்டிருந்தால் நான் எங்கே போவேன்? அது அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். கேட்க உங்களுக்கு மனசு வந்தது.

அந்தத் தண்ணீரை என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து, சட்டியில் ஊற்றி, பருப்புப் போட்டேன். அடுப்பைக் கூட்டவே இல்லை, அரை அடுப்பிலேயே பூவாக மலர்ந்துவிட்டது. உப்புப் போட்டு, ஒரு கரண்டி நெய் விட்டு, நான் ஒருத்தியாக உட்கார்ந்து சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

சிரட்டை அடுப்படியில் ஆணியில் தொங்குகிறது. ஐப்பசி மழை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி போவேன். யாராவது கேட்டால் உப்பு என்பேன். உங்கள் மகன் இன்னொரு தரம் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நீங்கள் போன இடத்தில் அம்மாவைப் பார்த்தால் தண்ணீர் கேளுங்கள். கொடுப்பாள். வாசலில் வந்து நின்றவருக்கு இல்லை என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.